கீரி வைத்த மந்திமொழித் தேர்வு

மலையுச்சியில் மந்திகள் ஒரு கல்லூரி நடத்திவந்தன. எந்தக் காய் விஷம், எந்த இலை மருந்து என்று அங்கே எல்லாப் பாடமும் மந்திமொழியில்தான். அடிவாரத்து விலங்குகள் அங்கே சேர ஒரு மொழித் தேர்வு இருந்தது. நூறு வாக்கியங்களைப் பிழையில்லாமல் ஒப்பிக்க வேண்டும். அவ்வளவுதான்!

வருடா வருடம் கிளிகளே தேறின. கேட்கவா வேண்டும்!

ஒருநாள் கல்லூரித் தலைவர் கருமுகத்தார் மலையிறங்கி வந்தார். தேர்வு நடத்தும் கீரி தும்பையிடம் பொரிந்து தள்ளினார்.

"நீங்க அனுப்புற பிள்ளைங்களுக்கு நாங்க சொல்றது ஒண்ணுமே புரியலைம்மா! 'அந்தக் காயைத் தின்னாதே'ன்னா, அதையே திருப்பிச் சொல்லிக்கிட்டுத் தின்னுதுங்க! இந்த வருஷமும் இப்படின்னா, அடிவாரத்துக்கே கதவைச் சாத்திடுவோம்!"

தும்பையின் முகம் சுண்டிவிட்டது. தான் வைத்த தேர்வால் ஒரு காடே படிப்பை இழப்பதா? அன்றே ஒப்பித்தலைத் தூக்கியெறிந்தாள்.

இனி ஒரு மந்தி தன் மொழியில் வழி சொல்லும். அதன்படி போய் ஒரு பழத்தை எடுத்துவர வேண்டும். பழத்தை அத்திமரத்தில் வைத்து வெள்ளோட்டம் பார்த்தாள். அணில் நொடியில் பழத்தோடு வந்தது. மான் மருதியோ மரத்தடியில் நின்று அழுதாள்.

"எல்லாம் புரிஞ்சுது அக்கா! மூணாவது கிளை, பொந்துக்குப் பக்கத்துல. ஆனா நான் எப்படி ஏறுவேன்? இது மொழித் தேர்வா, மரமேறுற தேர்வா?"

தும்பை நாக்கைக் கடித்துக்கொண்டாள். பழத்தைத் தரையில் ஒளித்துவைத்தாள். காட்டுப்பன்றி மோப்பம் பிடித்தே நேராகப் போய் எடுத்துவிட்டது! மந்தி சொன்னது என்னவென்று கேட்டால் திருதிருவென்று விழித்தது.

"அட, இது மூக்குக்கு வைத்த தேர்வாகிவிட்டதே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தும்பை. பழத்துக்குப் பதிலாகக் கூழாங்கற்களை வைத்தாள். கல்லுக்கு ஏது வாசனை!

தேர்வு நாள் வந்தது. கருமுகத்தாரே மந்திமொழியில் சொன்னார்: "ஓடையைத் தாண்டாதே. பாறைக்குப் பின்னால் உள்ள கறுப்புக் கல்லை விட்டுவிட்டு, வெள்ளைக் கல்லைக் கொண்டு வா!"

கிளி செவ்வலகன் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னான். நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"சரி, கல் எங்கே?" என்றாள் தும்பை.

"கல்லா? எந்தக் கல்லு?"

அடுத்து மருதி வந்தாள். கவனமாகக் கேட்டாள். ஓடைக்கரையோடு திரும்பிப் பாறைக்குப் பின்னால் போனாள். வெள்ளைக் கல்லைக் கவ்விவந்து கருமுகத்தாரின் காலடியில் வைத்தாள்.

"அப்பாடா! நாங்க பேசுறது இப்பத்தான் ஒருத்திக்குப் புரிஞ்சிருக்கு!" என்று துள்ளிக் குதித்தார் அவர்.

அன்று பதினொரு பேர் தேறினார்கள். கல்லூரிக் கதவு அகலத் திறந்தது. காடே கூவிக் கொண்டாடியது. தும்பைக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. செவ்வலகன் மட்டும் மெல்ல மருதியிடம் போய், "அந்த நூறு வாக்கியத்துக்கும் அர்த்தம் சொல்லித் தர்றியா?" என்று கேட்டான்.

எதைச் சோதிக்க நினைக்கிறோமோ அதை மட்டுமே சோதிக்கும் தேர்வுதான் நேர்மையான தேர்வு.