சிறு தடங்கல், பொறுத்திருங்கள்

"நான் மாத்தினதுக்கு அப்புறம் இங்க ஒருத்தரும் பயப்பட மாட்டேங்காங்க, டீச்சர். நீங்க மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கிடுதீங்க?"

கேட்டவன் கிளமெண்ட். மீன் குளிர்கிடங்கில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். ஹெலன் டீச்சரிடம் சி என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தவன்.

கிடங்கு அறைகளைக் கண்காணிக்கும் லைப்ரரியை எழுதியவர் டீச்சர். லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடம் இல்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எழுதிவைத்த நிரல்.

பிழை வந்தால் அது முகத்தில் அடித்தாற்போலச் சொல்லும். எந்த அறை, என்ன கோளாறு, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறாரா, எல்லாம். படிக்கிற மேனேஜருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

பிழையை உன் விருப்பப்படி சொல்ல வேண்டுமா, உன் ஃபங்ஷனை, அதாவது நீயே எழுதிய குட்டி நிரலைக் கொடு என்று லைப்ரரியில் ஒரு வசதியும் உண்டு. நம்ம ஆள் விடுவானா? எந்தப் பிழை வந்தாலும் திரையில் ஒரே வரி வரும்படி எழுதிவிட்டான்.

சிறு தடங்கல். பொறுத்திருங்கள்.

டீச்சர் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். மூன்றாம் அறைக்குள் போனார். கதவு அவர் பின்னால் மூடிக்கொண்டது.

கிளமெண்ட் திரையைப் பார்த்தான். புதிதாக ஒன்றுமில்லை. அந்த வரிதான்.

பொறுத்திருந்தான். பார்க்கப் பார்க்க மனசு அமைதியாகிவிட்டது பாவிக்கு. டீ வந்தது, குடித்தான்.

அறைகளின் உள்பக்கக் கைப்பிடி சில நாள் உறைந்துபோகும் என்பது கிளாஸைக் கீழே வைத்தபோதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கதவை இழுத்தான்.

டீச்சரின் புருவமெல்லாம் வெள்ளை. உதடு நீலம்.

அவன் அழுதான். இப்பவே பழையபடி மாற்றிவிடுகிறேன் என்றான்.

"என்னை விடு. நான் உள்ள போறதுக்கு முன்னாடி திரையில என்ன இருந்துச்சு?"

"இதே வரிதான், டீச்சர். காலையிலேருந்தே நிக்குது."

டீச்சர் நடுங்கிக்கொண்டே திரும்பினார். நீண்ட நடைபாதை. இரண்டு பக்கமும் கதவுகள், எல்லாம் மூடியிருந்தன. ஒன்றிலிருந்தும் சத்தம் இல்லை.

"எந்த அறை, கிளமெண்ட்?"