செர்ரி மரம் கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில் மரமும் பறவையும் மனிதரோடு பேசின. செர்ரிப் பூவும் இன்று போல அவசரப்பட்டு உதிர்ந்ததில்லை. ஜப்பானின் பனிமலைகளுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூரில், வயல்களுக்கு மேலே மேட்டில் ஒரு செர்ரி மரம் நின்றது. தன் பூக்களை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அதனால் பிடித்து வைத்திருக்க முடியும். மண்ணில் குளிர் விட்டதா என்று வேரால் தொட்டுப் பார்க்கும். விட்டதும் பூவை உதிர்க்கும்.

வயல் சாமி மலையிலிருந்து இறங்கி வந்து அந்தப் பூவில் அமர்கிறார், பூ உதிரும்போது அதோடு சேர்ந்து வயலில் இறங்குகிறார் என்று ஊரார் நம்பினார்கள். அதனால் பூ உதிரும் முன் யாரும் விதை நெல்லைத் தொட மாட்டார்கள். உதிர்ந்த அன்றே ஊர்த்தலைவர் வயல்களைப் பங்கு பிரிப்பார். அன்று ஆண்பிள்ளை வந்து நிற்காத வீட்டுக்கு அந்த ஆண்டு வயல் கிடையாது. சாமி இருக்கும் மரத்தோடு யாரும் பேசவும் கூடாது. வழக்கம் என்றால் வழக்கம்தான், ஏன் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அந்த ஊரில் கினு என்று ஒருத்தி. அவள் கணவன் யசுகே குளிர்காலம் வந்தால் தூரத்து ஊரில் அரிசி மது வடிக்கும் வேலைக்குப் போய்விடுவான். அந்த ஆண்டும் போனான்.

"பூ உதிர்றதுக்குள்ள வந்துடுவேன். பாப்பாவுக்குச் சிவப்புத் துணி வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாப்பா என்பது மகள் சியோ. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

வசந்தம் வந்தது, மரம் பூத்தது. வேலைக்குப் போன மற்ற ஆண்கள் திரும்பிவிட்டார்கள். யசுகே மட்டும் வரவில்லை. கினு தினமும் வாசலில் நின்று பாதையைப் பார்த்தாள். வயல் கைவிட்டுப் போனால் அடுத்த வீட்டில் அடிமை வேலைதான், தனக்கும் மகளுக்கும். விடியும் முன் யாரும் பார்க்காமல் மேடேறி, மரத்தடியில் விழுந்தாள்.

"மரமே, பேசக் கூடாதுன்னு தெரியும். எனக்கு வேற வழியில்ல. அவர் வர்ற வரைக்கும் பூவை விடாதே."

அது இளகிய மனசுக்கார மரம். யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"சரி, பெண்ணே. நீயே வந்து 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் ஒரு இதழைக்கூட விடமாட்டேன். இது என் வாக்கு."

இந்த வாக்கால்தான் எல்லாம் நாசமாயிற்று.

யசுகே சும்மா இருக்கவில்லை, பாவம். திரும்பும் வழியில் மலைக்குக் கீழே ஒரு சத்திரத்தில் தங்கினான். மலையிலிருந்து வந்த தகைவிலான் குருவி ஒன்றைக் கூப்பிட்டு, "மேல பூ உதிர்ந்துடுச்சா?" என்று கேட்டான்.

"இல்லையே, முழுசா இருக்கே" என்றது குருவி.

"அப்ப நேரம் இருக்கு" என்று சொல்லி, அங்கேயே கூரை வேயும் வேலைக்குப் போனான். அது முடிந்ததும் மறுபடி கேட்டான். பூ அப்படியே இருக்கிறது என்றது குருவி. அடுத்து மரம் அறுக்கப் போனான். பூ உதிராதவரை வாக்கு தவறவில்லை என்பது அவன் கணக்கு. வீட்டில் காத்திருப்பவள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஊரில் மழைக்காலம் நெருங்கியது. ஊர்த்தலைவர் தினமும் மேட்டை அண்ணாந்து பார்த்து, "சாமி இன்னும் இறங்கலையே, நம்ம மேல என்ன கோபமோ" என்று கலங்கினார். இருந்த அரிசியைப் பொங்கி மரத்தடியில் படைத்தார்கள். பானைகள் காலியாயின. விதை மூட்டைகள் கட்டியபடியே கிடந்தன.

மரத்தில் ஒரு சிட்டுக்குருவி குடியிருந்தது. அதற்கு நடப்பது புரிந்துவிட்டது.

"மரமே, விட்டுடு. விதைக்கலைன்னா நெல் இல்ல. நெல் இல்லைன்னா அவங்களும் இல்ல, என் குஞ்சுகளும் இல்ல."

"அவள் வந்து சொல்லட்டும்" என்றது மரம்.

குருவி ஒவ்வொரு பூவாகக் காம்போடு கிள்ளிக் கீழே போட்டது. ஊரார் பார்த்தார்கள். "இது உதிர்ந்தது இல்ல, நெல் திருடியோட வேலை" என்று கல்லெறிந்து விரட்டினார்கள்.

கினு தன் பங்குக் கஞ்சியை மகளுக்கே ஊட்டி வந்தாள். அடுத்த வீட்டில் ஒரு குழந்தையைத் துணி மூடி எடுத்துப் போனதைப் பார்த்த அன்று அவளுக்கு உறைத்தது. தன் ஒரு வயலுக்காக ஊர் வயலையெல்லாம் தரிசாக்கிவிட்டோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வயல் போனால் போகட்டும் என்று எழுந்தாள். கால் நிற்கவில்லை. வாசல் வரை தவழ்ந்து போய் அங்கேயே விழுந்தாள். கூரை ஓரத்தில் வந்து உட்கார்ந்த சிட்டுக்குருவியைக் கூப்பிட்டாள்.

"குருவி, நீ போய்ச் சொல்லு. கினு விடச் சொல்லிட்டான்னு சொல்லு."

குருவி பறந்து போய்ச் சொன்னது. மரம் நம்பவில்லை.

"நீ முதல்லேர்ந்து இதைத்தான் சொல்ற. உன் வயிறு உனக்கு. அவ வரட்டும், அவ வாயால சொல்லட்டும்."

"அவளால நடக்க முடியலை!"

"வருவா. புருஷன் வந்ததும் சிரிச்சிக்கிட்டு வருவா" என்று மரம் பூவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமையும் அதற்கு இருந்தது. குருவிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. கேட்பார் யாருமில்லை.

மழை வந்தது, போனது. விதை நெல்லை ஊரார் அழுதுகொண்டே வேகவைத்துத் தின்றார்கள். பிறகு அதுவும் இல்லை. நடக்க முடிந்தவர்கள் மலையைத் தாண்டிப் போனார்கள். போக முடியாதவர்களில் சியோ முதலில் கண்ணை மூடினாள். அவளைக் கைக்குள் வைத்தபடியே கினுவும் போனாள்.

இலைகள் பழுக்கும் காலத்தில் யசுகே வந்தான். முதுகில் ஒரு சிறு மதுப்பீப்பாய், மடியில் சிவப்புத் துணி. கணவாயில் நின்று மேட்டைப் பார்த்தான். மரம் நிறையப் பூ அப்படியே இருந்தது.

"சொன்ன மாதிரி வந்துட்டேன்!" என்று சிரித்தான்.

ஊருக்குள் புகை இல்லை. தன் வீட்டு வாசலைக் கடந்து உள்ளே போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. இருவரையும் புதைத்துவிட்டு மேடேறினான்.

"எதுக்குப் பூவைப் பிடிச்சு வச்சிருக்க?" என்று மரத்தைக் கேட்டான்.

"உன் மனைவி கேட்டா. அவ வந்து சொன்னதும் விட்டுடுவேன். எங்கே அவ?"

"இனிமே வரமாட்டா."

மரத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அதன் கிளைகளில் இருந்த பிடி முழுவதும் விட்டுப்போயிற்று. காற்றே இல்லாமல் அத்தனை பூவும் ஒரே நேரத்தில் கொட்டின.

யசுகே அந்தப் பூவின் மேலேயே ஒரு பாயை விரித்தான். சிவப்புத் துணியை மகள் உட்காரும் இடத்தில் மடித்து வைத்தான். மூன்று கிண்ணங்களில் மது ஊற்றினான், குழந்தை குடிக்காது என்பதுகூட நினைவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பனி விழுந்து பாதை மூடிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

அன்று முதல்தான் செர்ரி மரம் யார் கெஞ்சினாலும் காது கொடுப்பதில்லை. பூத்த கையோடு உதிர்த்துவிடுகிறது. மனிதரோடு அது பேசுவதும் இல்லை. சிட்டுக்குருவி மட்டும் அன்றைய பதற்றம் தீராமல் இன்றும் பூவைக் காம்போடு கிள்ளிப் போடுகிறது. மக்களும் 'அப்புறம் போகலாம்' என்று தள்ளிப்போடாமல், பூத்த சேதி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டுச் சோறும் மதுவுமாக மரத்தடிக்கு ஓடுகிறார்கள். அவர்களில் ஒருவர் காலையிலேயே வந்து பாய் விரித்து, மற்றவர்களுக்கு இடம்பிடித்துத் தனியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய ஆட்கள் வந்துவிடுகிறார்கள். யசுகேயின் பாய்க்குத்தான் யாரும் வரவில்லை.