இரண்டு இசக்கியம்மாள்

ஐம்பத்திரண்டு வயதில் சிஷ்யனாவது கஷ்டம்தான். குரு தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர் என்றால் கேட்கவே வேண்டாம். மருந்துக் கிடங்கிலிருந்து மாற்றலாகி, மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமுக்கு வந்த ஆரோக்கியசாமி, செண்பகவல்லி மேடத்திடம்தான் வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

அன்று காலை ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

“டிச்சார்ஜ் சீட்டு தொலைஞ்சு போச்சுய்யா. நகல் ஒண்ணு வேணும். பேரு இசக்கியம்மா. வீட்டுக்காரர் சுடலைமுத்து.”

ஊரையும் சொன்னாள். ஆரோக்கியசாமி நிமிர்ந்து பார்த்தார். அதே பெயர், அதே கணவர் பெயர், அதே ஊர். அப்படியொரு இசக்கியம்மாளின் கேஸ் ஷீட்டைச் சற்று முன்புதான் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பியிருந்தார்.

“அப்போ உள்ளே படுத்திருக்கிறது யாரும்மா?”

“எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு இசக்கியும் ஒரு சுடலையும் உண்டும்யா. சாமி பேருல்லா!” என்று சிரித்தாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் இரண்டு கேஸ் ஷீட்டும் ஒரே ஆளுடையது என்று நினைத்து ஒன்றாகக் கட்டிவைத்த புத்திசாலி அவர்தான். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு மேலட்டை என்று ஒன்றைக் கழற்றியும் போட்டிருந்தார். அலமாரியைக் குடைந்து அந்த அட்டையை எடுத்தார். நம்பரைத் தியேட்டரிலிருந்து கேட்டனுப்பிய சீட்டோடு ஒப்பிட்டார். உள்ளே படுத்திருப்பவளுடையது. ‘பென்சிலின் ஒத்துக்கொள்ளாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

டாக்டர் கேட்டிருப்பார், அவளே சொல்லியிருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அப்படியும் மனம் கேட்காமல் அட்டையோடு மேடத்திடம் போனார்.

“மேடம், இந்த வேலையில பயம் எப்போ போகும்?”

செண்பகவல்லி அவர் கையிலிருந்த அட்டையை வாங்கிப் படித்தார்.

“இவங்க எங்கே?”

“தியேட்டர்ல. இந்த அட்டை இல்லாம அனுப்பிட்டேன்.”

மேடம் திட்டவில்லை. தியேட்டருக்கு போன் போட்டு, ரிசீவரை அவர் கையில் கொடுத்தார்.

“ஹலோ, தியேட்டர்,” என்றது ஒரு நர்ஸின் குரல்.

ஆரோக்கியசாமி ரிசீவரைப் பொத்திக்கொண்டார்.

“நீங்களே சொல்லிடுங்க மேடம். என்னை சஸ்பெண்ட் பண்ணிருவாங்க. உடம்பெல்லாம் பதறுது.”

“தப்பு எப்படி நடந்துச்சுன்னு உங்களுக்குத்தானே தெரியும்?”

“கொஞ்சம் பயம் தெளியட்டும். அப்புறம் சொல்றேனே.”

“மயக்க ஊசி போட்டாச்சுன்னா அந்தம்மாவால பயப்பட முடியாது சார். அவங்களுக்கும் சேர்த்து நீங்கதான் பயப்படணும். பேசுங்க.”

ஆரோக்கியசாமி கையை எடுத்தார்.

“சிஸ்டர், இசக்கியம்மாவுக்கு எந்த ஊசியும் போட்டுடாதீங்க,” என்றார். குரல் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.