வெண்ணாங்குடியின் இரண்டு மாப்பிள்ளைகள்

கேளுங்கள் மக்களே, கேட்டு முடித்ததும் கோபம் வந்தால் அடக்காதீர்கள்.

முன்னொரு காலத்தில் வெண்ணாங்குடி என்றொரு ஊர். அங்கே தையல்நாயகி என்றொருத்தி. தாய் தகப்பன் இல்லாத தம்பி தங்கைகளை ஆளாக்கிக் கரை சேர்த்த பிறகுதான் அவளுக்குத் தன் நினைப்பே வந்தது. அதற்குள் முப்பது வயது. அவளை விரும்பிப் பெண் கேட்டவன் மருதப்பன், அவளைவிட ஐந்து வயது இளையவன்.

ஊர்ச் சபை கொதித்தது. "அக்காளைக் கட்டுறானாம் தம்பி! சாத்திரம் ஒப்புமா?" என்று தலைவர் காறித் துப்பினார்.

அதே வாய் அதே வாரத்தில் வணிகர் உலகநாதர் வீட்டு நிச்சயதார்த்தப் பாயசத்தைக் குடித்தது. மாப்பிள்ளையான அவருக்கு அறுபது. பெண் அஞ்சுகமோ அவருடைய பேத்தியோடு பாண்டி ஆடுகிறவள். "ஆம்பளைக்கு வயசு ஒரு கணக்கா?" என்று தலைவர் ஏப்பம் விட்டார். வெட்கங்கெட்ட சபை!

இதைக் கேட்டாள் தையல்நாயகி. நேரே சபை நடுவில் போய் நின்றாள்.

"சாத்திரம் பேசினீங்களே ஐயா, ரெண்டு கல்யாணமும் ஒரே பந்தல்ல நடக்கட்டும். சடங்கைத் தவறாம செய்யிற மாப்பிள்ளைதான் தாலி கட்டணும். சம்மதமா?"

சடங்குதானே என்று சபை சிரித்துக்கொண்டே தலையாட்டியது. அந்த ஊரில் தீயை வலம் வந்து, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்த பிறகே தாலி ஏறும்.

அந்தி சாய்ந்தது. மருதப்பன் தையல்நாயகியின் கைபிடித்து மூன்று முறை தீயை வலம் வந்தான். உலகநாதருக்கு முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. "பரவாயில்லை, அவரோட மருமகன் தாங்கிக்கட்டும்" என்றார் தலைவர்.

மருதப்பன் குனிந்து அவள் காலை எடுத்து அம்மிமேல் வைத்தான். உலகநாதரின் இடுப்பு மடங்கவே இல்லை. "பரவாயில்லை, மூத்த மகன் குனியட்டும்" என்றார் தலைவர். அந்த மகனுக்கே தலை நரைத்திருந்தது.

மருதப்பன் வானத்தில் அருந்ததியைக் காட்டினான். உலகநாதர் கோபுரத்து விளக்கைக் காட்டினார். "பரவாயில்லை, புரோகிதர் காட்டட்டும்" என்றார் தலைவர்.

"பரவாயில்லையா!" தையல்நாயகி சீறினாள். "எனக்கு வளையாத சாத்திரம் இவருக்கு மட்டும் எத்தனை தடவை வளையும்?"

அதுவரை அழுதுகொண்டிருந்த அஞ்சுகம் மாலையைக் கழற்றி மணையில் வைத்தாள்.

"கூட நடக்க ஒருத்தர், குனிய ஒருத்தர், நட்சத்திரம் காட்ட ஒருத்தர். இதுல எனக்குப் புருஷன் யாருங்கய்யா?"

கேட்டுவிட்டு எழுந்து தன் வீட்டுக்கு நடந்தாள். தடுக்க ஒரு கையும் நீளவில்லை. தையல்நாயகியின் கழுத்தில் தாலி ஏறியபோது தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆணின் நரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெண்ணின் வயதை மட்டும் எண்ணுகிற சாத்திரம் வெறும் ஓரவஞ்சனையே.