தலைவர் தூக்கிய கொடி

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். அங்கே வாரமெல்லாம் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு, சனிக்கிழமையானால் கால்பந்து நடுவராக விசில் ஊதுவார் வில்ஃப் ஹார்கர். ஊர் கால்பந்து கிளப்பின் தலைவர் பிளம்ப்டனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "குருட்டுப் பயலே!" என்று அவர் கத்தாத ஆட்டமே கிடையாது.

ஒரு நாள், "இன்னைக்கு ஒரு தப்பு நடந்தாலும் உன் விசிலைப் பிடுங்கிடுவேன்" என்று மிரட்டினார் தலைவர். அன்று பார்த்து, ஆஃப்சைடுக்குக் கொடி தூக்க வேண்டிய கோட்டு நடுவர் வரவில்லை.

"உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்களே. நீங்களே கொடியைப் பிடிங்க ஐயா" என்றார் வில்ஃப். தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. கடைசி நிமிடத்தில் தலைவரின் அணி ஆட்டக்காரன் தன்னந்தனியாகப் பந்தோடு பாய்ந்தான். தலைவர் சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார், கொடியோடு! கொடி ஏறினால் ஆஃப்சைடுதானே என்று வில்ஃப் உடனே விசில் ஊதினார். அதற்குப் பிறகுதான் பந்து வலைக்குள் போனது. கோல் செல்லாது.

"குருட்டுப் பயலே!" என்று ஊரே தலைவரைப் பார்த்துக் கத்தியது.

பல வருஷம் கழித்து, நடுவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிரிவுபசார விழாவில் வில்ஃப் கண்கலங்கச் சொன்னார்: "முதல் நன்றி தலைவருக்குத்தான். எனக்கு விழ வேண்டிய திட்டை ஒரு நாளாவது தான் வாங்கிக்கிட்ட புண்ணியவான் அவர் ஒருத்தர்தான்."