மாஸ்டர் விற்றுக் காட்டிய மதியம்

ஈரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரு குரு இருந்தார். தாடி இல்லை, காவி இல்லை. வயது முப்பத்து நான்கு. பெயர் யுகேந்திரன். வங்கித் தேர்வுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், துருவக் காயின் என்கிற கிரிப்டோ நாணயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு ஊருக்கே மாஸ்டர் ஆகிவிட்டார்.

மாஸ்டருக்குக் கதை சொல்ல வரும். அதனால்தான் பேர் வாங்கினார், கெட்டதும் அதனால்தான். காயின் விலை ஏறினால் ஒரு கதை, இறங்கினால் ஒரு கதை. எந்தக் கதையானாலும் கடைசியில் விற்காதவனே கரையேறுவான். கேட்டவர்கள் அவற்றை மனப்பாடம் செய்து டெலிகிராம் குழுவில் தினம் ஒன்றாகப் போட்டார்கள். காலையில் ஒருவர் 'அசையாதே' என்று எழுதினால் மற்றவர்கள் 'அசையோம்' என்று எழுத வேண்டும். கோயில் மணி ஒரு நாள் தவறினாலும் இது தவறாது.

குழுவில் வசந்தாமணி அம்மாளுக்குத் தனி மரியாதை. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "இதெல்லாம் ஏமாத்து வேலைம்மா" என்று மகள் சொன்ன நாளிலிருந்து அவள் போனை இவர் எடுப்பதில்லை. குழுவில் அதற்கும் பாராட்டு. 'பாசம் வந்து உலுக்கியும் அசையாத தாய்' என்று ஒருவர் எழுத, மாஸ்டரும் அதன் கீழே கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தார். இப்போது அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

ஏனென்றால் மாஸ்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காயினை உண்டாக்கியவர்கள் தங்கள் பங்கை எப்போதோ விற்றுவிட்டுக் காணாமல் போயிருந்தார்கள். இவர் எழுதிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று புரியாமல் சில வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தார். அது பெரிய தப்பு. அதற்குள் வசந்தாமணி குழுவில் எழுதிவிட்டார்: 'விலை நன்றாக இறங்கியிருக்கிறது. நாளை வீட்டைக் கிரயம் செய்து கொடுக்கிறேன். வருவது முழுக்கத் துருவத்துக்கே.' அதன் கீழே வாழ்த்துகள் குவிந்தன.

மாஸ்டர் அன்று மதியமே அவரை வரச் சொன்னார்.

வசந்தாமணி மூச்சு வாங்கப் படியேறி வந்து, "அசையோம், மாஸ்டர்" என்றார்.

"உக்காருங்கம்மா. ஊட்டை விக்க வேண்டாம்."

"ஏனுங்க?"

"காயின் செத்துப் போச்சும்மா. ஆரம்பிச்சவங்க வித்துட்டு ஓடிட்டாங்க. நானே விசாரிச்சுட்டேன்."

வசந்தாமணி கண்ணை மூடி எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "விதைச்சவன் போயிட்டாலும் பயிர் வளரும். நீங்க சொன்னதுதானுங்க."

"சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

"தப்பாச் சொன்னேன்னு சொல்றதுக்கு எத்தனை பேருக்குங்க மனசு வரும்?" அவர் முகத்தில் பக்தி கூடியதே தவிர, குறையவில்லை.

மாஸ்டர் வேறு வழியாக வந்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். என்ன நடந்தா இது பொய்னு ஒத்துக்குவீங்க?"

"அப்படி எதுவும் நடக்காதுங்களே."

"விலை ஏறினா?"

"நீங்க சொன்னது பலிச்சிருச்சுன்னு அர்த்தம்."

"இறங்கினா?"

"பதரு தூத்தறாங்கன்னு அர்த்தம். நெல்லு மட்டும் முறத்துல நிக்கும்."

"ஒரு காசுக்கும் பெறாமப் போனா?"

"அப்பவும் கைவிடாதவங்க யாருன்னு தெரியும்."

"அரசாங்கம் தடை போட்டா?"

"பயந்துட்டாங்கன்னு அர்த்தம்."

"நானே வந்து, இது பொய்னு சொன்னா?"

வசந்தாமணி சிரித்தார். "அதைத்தானுங்க இப்பப் பண்ணிட்டிருக்கீங்க. நாளைக்குக் கிரயம், இன்னைக்குக் கூப்பிட்டு உரசிப் பாக்கறீங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

ஒவ்வொரு பதிலும் மாஸ்டர் வாயிலிருந்து என்றோ வந்ததுதான். வாசல், சன்னல் என்று தான் ஒவ்வொன்றாக அடைத்துக் கட்டிய வீட்டுக்குள் ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். எந்தப் பக்கம் தட்டினாலும் அவருடைய சுவரே பதில் சொன்னது.

சொல்லி ஆகாததைச் செய்து காட்டுவது குருமார் வழக்கம். மாஸ்டர் தன் போனை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது என் கணக்கு. இதுதான் என்கிட்ட இருக்கற மொத்தக் காயினும். நல்லாப் பாத்துக்குங்க."

விற்கும் இடத்தைத் தொட்டார். 'மொத்தமாகவா?' என்று போன் கேட்டது. 'ஆம்' என்பதைத் தொட்டார். சற்று நேரத்தில் காயின் இருந்த இடத்தில் பூஜ்யம் வந்து நின்றது.

"வித்துட்டேன்மா. பாத்தீங்களா? நான் நம்பலை. நம்பறவன் விப்பானா?"

வசந்தாமணிக்கு முகம் வெளிறியது. மாஸ்டருக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த நேரத்தில் இருவர் போனும் சேர்ந்து சத்தம் போட்டன. யாரோ பெரிய அளவில் விற்றதால் காயின் விலை இன்னும் சரிந்திருந்தது. குழுவில் எல்லாரும், 'கோழை எவனோ ஓடுகிறான், விட்டுப்போனதை அள்ளுங்கள்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வசந்தாமணி அவசரமாகக் கைப்பையைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வலது கண்ணில் புரை. போனை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்து எதையோ தொட்டார்.

"என்னம்மா பண்றீங்க?"

"வாங்கறேனுங்க."

"என்னத்தை?"

"நீங்க வித்ததை. மாஸ்டர் கைப்பட்ட காயின் வெளியாளுக்குப் போலாமுங்களா?"

"எந்தப் பணத்துல வாங்கறீங்க?"

"கண்ணு ஆபரேசனுக்கு வெச்சிருந்தேன். இன்னொரு கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது." சொல்லி முடிப்பதற்குள் வாங்கியும் முடித்திருந்தார். போனை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒற்றிக்கொண்டார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கீழே பன் வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது.

"அம்மா," என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் விளையாடலை. சோதிக்கலை. சத்தியமா இது வெறும் பொய். எனக்கு வாய் இருந்துச்சு, அதனால பேசிட்டேன். நாலு பேர் தலையாட்டினாங்க, நானும் நம்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. என்னை மன்னிச்சிருங்க."

வசந்தாமணி சிரிக்கவில்லை. இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அவர் பயந்ததுபோல் இருந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"மாஸ்டர், நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"எங்க ஊட்டுக்காரரு போனப்போ சொந்தபந்தமெல்லாம் காரியம் முடிஞ்சதும் போயிட்டாங்க. அப்புறம் ஊட்டுல கடிகாரச் சத்தம் மட்டுந்தானுங்க. நம்ம குழுவுக்கு வந்த பிறகு காலையில எந்திரிச்சா எத்தனை பேர் வணக்கம் வெக்கறாங்க. காய்ச்சல்னு எழுதினா கசாயம் சொல்றாங்க. நான் சொன்னதை உலகத்துல முதல் தடவையா நாலு பேர் உக்காந்து கேட்டாங்க." தலைப்பை மறுபடி விரலில் சுற்றினார். "காயின் பொய்னா, அதுவும் பொய்யுங்களா?"

பொய் என்று சொன்னால் இந்த அம்மாள் நெஞ்சு வெடித்துவிடுவார் போலிருந்தது. இல்லை என்று சொன்னால் நாளைக்கு வீடு போய்விடும். இரண்டும் மாஸ்டருக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் ஏற்கெனவே உண்மையைச் சொன்னார், கையெடுத்து மன்னிப்புக் கேட்டார், கண்ணெதிரே விற்றுக் காட்டினார். எதுவும் இந்த அம்மாளிடம் ஏறவில்லை. ஏறக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை இனி தொடவே மாட்டேன் என்று சில நாள் முன்புதான் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, தரையில் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவுக்குக் கதை சொல்லும் வகுப்பில் அவர் உட்காருவது அப்படித்தான்.

"ஒரு ஆமை கடலுக்குப் புறப்பட்டுச்சு," என்றார்.

வசந்தாமணி சட்டென்று நிமிர்ந்தார்.

"வழியில ஒரு நரி சொல்லுச்சு, முதுகுல எதுக்கு இவ்வளவு பாரம், ஓட்டைக் கழட்டிக் குடுத்துட்டு வேகமாப் போன்னு. ஆமையும் குடுத்துட்டு ஓடுச்சு. மத்த ஆமை எல்லாத்துக்கும் முன்னாடி கடலுக்கு வந்துச்சு. ஆனா மொத அலை அடிச்சதுமே தாங்கலை. கரையிலயே கிடந்துச்சு."

வசந்தாமணியின் உதடு அசைந்தது. மனப்பாடம் செய்கிறார் என்று தெரிந்தது.

"அப்ப ஊட்டை விக்கக் கூடாதுங்களா?"

"கூடாது. அவசரப்படறவங்களுக்குத் துருவம் இல்லை. இருக்கறதை வெச்சுக்கிட்டு நில்லுங்க. புதுசா ஒரு காயினும் வாங்கக் கூடாது."

"அட்வான்ஸ் பேசிட்டேனுங்க."

"வேண்டாம்னு சொல்லிருங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்."

"சரிங்க. எவ்வளவு நாளைக்குங்க?"

"நான் சொல்ற வரைக்கும்."

"சரிங்க, மாஸ்டர்."

"நான் வித்த பணம் உங்க கணக்குக்கு வரும். ஏன்னு கேக்கக் கூடாது. அதுல மொதல்ல கண்ணு ஆபரேசன். ரெண்டு கண்ணும் தெரியற ஆளுங்கதான் கடைசி வரைக்கும் நிக்க முடியும்."

"சரிங்க."

மாஸ்டர் கொஞ்சம் தயங்கினார். இவ்வளவு தூரம் வந்த பிறகு இன்னும் ஒரு படி இறங்குவதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"மக போன் பண்ணினா எடுத்துப் பேசுங்க."

"அவ வித்துரச் சொல்லுவாளுங்களே."

"தினமும் அதைக் கேட்டுக்கிட்டே நிக்கறதுதான் பெரிய தவம். கதவைச் சாத்திக்கிட்டு நிக்கறது யாருக்கும் முடியும். அவளை வரச் சொல்லுங்க. கூட வெச்சுச் சோறு போடுங்க."

வசந்தாமணியின் கண்ணில் நீர் தளும்பியது. மகளைக் கூப்பிட யாராவது அனுமதி கொடுக்க மாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தாரோ தெரியவில்லை. கைப்பையை இடுக்கிக்கொண்டு எழுந்தார். மாஸ்டர் தடுப்பதற்குள், தன் மகள் வயதை ஒத்தவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வந்தபோது இருந்ததைவிட முகம் இளமையாக இருந்தது.

கதவருகே போனவர் நின்று திரும்பினார்.

"இப்பத்தானுங்க எங்க மாஸ்டர் பேசறாரு. இத்தனை நேரம் இங்க உக்காந்து அழுதுக்கிட்டுப் பேசுனது யாருங்க?"

மாஸ்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவன் வித்துட்டுப் போனவன்மா," என்றார். "அவன் பேச்சைக் காதுல வாங்காதீங்க."