பூவாயி வாசலில் மாட்டிய துணுக்கு

அந்தக் காலத்தில் நம் உடம்பில் இருக்கும் செல்களும் வாய்விட்டுப் பேசும். எல்லாம் ஒரே கருவிலிருந்து வந்தவை என்பதால் அக்கா, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொள்ளும். ஆனால் வீட்டுக்கு வீடு கதவு சாத்தியே இருக்கும். உள்ளே என்ன வேகிறது என்று அடுத்தவருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தார்கள். என்ன பெரிய மானமோ!

நுரையீரல் தெருவில் பூவாயி குடியிருந்தாள். ரத்தத்தில் சுற்றிவரும் காவல்காரன் காத்தான், தினமும் அவள் கதவைத் தட்டி, "அக்கா, சொகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

ஒரு மழைக்காலத்தில் கிருமி வந்தது. தெருவில் திரிந்தவற்றைக் காவலர்கள் அம்பெய்து கொன்றார்கள். வீட்டுக்குள் புகுந்ததை என்ன செய்வது? அம்பு சுவரைத் தாண்டாது. புகுந்த கிருமி அந்த வீட்டு அடுப்பிலேயே தன் குட்டிகளை ஆக்கியது. காவலர்கள் கேட்டால், "சொகம்தான்" என்று எல்லோரும் மறைத்தார்கள். மறுநாள் குட்டிகள் பெருகி வீடு வெடிக்கும். அக்கம்பக்கத்தில் ஏழெட்டு வீடு சேர்ந்து போகும்.

பூவாயி வீட்டிலும் கிருமி புகுந்தது. அவளும் முதலில், "சொகம்தான் தம்பி" என்றாள். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம், புதிதாய்ப் பிறந்த செல் ஒன்று சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளால் தாங்க முடியவில்லை. கிருமியில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, எல்லோரும் பார்க்க வாசலில் மாட்டினாள்.

காத்தான் அதைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே கிருமி என்று தெரிந்ததும் கதவைத் தட்டினான்.

"கதவத் தெறக்கா, அடிச்சு வெரட்டிடுறேன்."

"தெறந்தா தெருவுக்கு வந்துடும்டா. என்னையும் சேத்து உள்ளயே முடிச்சுடு."

"ஒன்னையா? என்னால முடியாதுக்கா."

"பக்கத்துல பச்சப்புள்ள இருக்கு தம்பி. வெடிச்சுச் செதறாம நான் சுருண்டு படுத்துக்கறேன். சீக்கிரம்!"

காத்தான் அழுதுகொண்டே சுவரில் சிறு துளையிட்டு நஞ்சைச் செலுத்தினான். சொன்னபடியே பூவாயி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் சுருண்டு அடங்கினாள். கிருமியும் அவளோடு போயிற்று. பக்கத்து வீடு பிழைத்தது. காத்தான் அந்தத் துணுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நெடுநாள் அலைந்தான்.

ஒவ்வொரு செல்லும் உள்ளே இருப்பதில் ஒரு துணுக்கை வாசலில் மாட்டி வைப்பதும், காவல் செல்கள் அதைத் தொட்டுப் பார்த்துப் போவதும் அன்று முதல்தான். அதே கிருமி மறுபடி வந்தால் காத்தானின் வம்சம் உடனே கண்டுகொள்வதும் அதனால்தான். காய்ச்சல் விட்டு, நாம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கும்போது, நமக்குள் யாரோ ஒருவன் தன் அக்காவைக் கொன்றுவிட்டு நிற்கிறான்.